தனிஜெபத்துக்கு யூவெர்ஷன் செயலி: பாதி உதவி, பாதி ஏமாற்று

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து, புத்தாண்டுக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்பும் சென்னைக் கிறிஸ்தவர்களில் பலர், மறுநாள் காலை யூவெர்ஷன் வேதாகமச் செயலியில் 'ஓராண்டில் முழு வேதாகமம்' திட்டத்தைத் தொடங்குகிறார்கள். அமெரிக்காவின் லைஃப் சர்ச் என்ற சபை 2008இல் வெளியிட்ட செயலி இது. இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. வேதம் வாசிக்க இவ்வளவு வசதியான இன்னொன்றைத் தேடுவது கஷ்டம். தனிஜெபம் ஒழுங்குபட இது போதுமா என்பது வேறு கேள்வி.

முதலில் கவனிக்க வேண்டியது ஸ்ட்ரீக் எனும் தொடர்நாள் கணக்கு. செயலியைத் திறந்தாலே அன்றைய நாள் அதில் ஏறிவிடும். 200 நாள் என்று பெருமையாகக் காட்டும், முழங்கால் ஒரு நாளும் தரையில் பட்டிருக்காது. காய்ச்சலில் ஒரு நாள் தவறினால் கணக்கு அறுந்துபோகும். "இனி எதற்கு" என்று மொத்தமாக விட்டுவிடுபவர்களும் உண்டு. ஜெபத்தை அளக்க அந்த எண் உதவாது, அதைப் பொருட்படுத்தாமல் இருப்பதே நல்லது.

திட்டத் தேர்விலும் ஒரு பள்ளம் இருக்கிறது. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று வரிசையாகப் போனால் ஜனவரி கடைசி வாரத்தில், பலி முறைகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம் வந்து நிற்கும். பெரும்பாலோர் கவிழும் இடம் அதுதான். இருக்கிற நேரத்தை எல்லாம் வாசிப்பே தின்றுவிடுவதால், ஜெபத்துக்கு மிஞ்சுவது கடைசி ஒரு நிமிடம். தொடக்கக்காரருக்குப் புதிய ஏற்பாடு மட்டும் போதும். அதில் 260 அதிகாரங்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். சனியும் ஞாயிறும் விட்டதைப் பிடிக்க. தேதி போட்ட திட்டத்தில் பின்தங்கினால், விட்ட இடத்திலிருந்து நாட்களைத் தள்ளி அமைக்கும் வசதி செயலியிலேயே உண்டு. ஒரே நாளில் ஏழு அதிகாரம் ஓட்டுவதைவிட அது மேல்.

ஜெபக் குறிப்புகளைச் சேர்த்து, நினைவூட்டல் வைத்து, பதில் கிடைத்ததைக் குறிக்கும் பகுதி நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் "ஜெபிக்கிறேன்" என்று சொல்லி நாற்பது பெயரையும் தினமும் வாசித்தால் அது அட்டெண்டன்ஸ் எடுப்பது போலாகிவிடும். நாளுக்கு ஐந்து பெயர் என்று பிரித்தால் வாரத்தில் 35 பேர் அடங்குவார்கள், வீட்டார் மட்டும் தினமும். "அண்ணனை ஆசீர்வதியும்" என்பதைவிட "15ஆம் தேதி நேர்காணல்" என்று எழுதினால்தான் பதில் வந்ததா என்று பின்னால் தெரியும். நண்பர்களோடு பகிரும் வசதியும் இருக்கிறது. பிறருடைய நோய், குடும்பச் சிக்கல் எதையும் அதில் போட வேண்டாம்.

நேரம் எங்கே என்பார்கள். மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருக்கும் இருபது நிமிடம் பல வீடுகளில் உண்டு. ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டால்தான் பழக்கம் நிற்கும். இரண்டு நிமிடம் அமைதி. ஆறு நிமிடம் வாசிப்பு, முடிந்ததும் போனை அடுத்த அறையில் வைத்துவிட வேண்டும். பத்து நிமிடம் ஸ்தோத்திரம், பாவ அறிக்கை, சொந்த விண்ணப்பம், பிறருக்கான மன்றாட்டு. கடைசி இரண்டு நிமிடம் ஒரு வரி எழுத. போன் பக்கத்தில் இருக்காது என்பதால் அன்றைய ஐந்து பெயரையும் முந்தைய இரவே சிறு நோட்டில் எழுதிக்கொள்வது அவசியம். பெயருக்காகப் போனைத் திறந்தால் வாட்ஸப் கண்ணில் படும், அத்தோடு அன்றைய ஜெபம் முடிந்தது. கேஸ் புக்கிங், பள்ளிக் கட்டணம் என்று மனம் ஓடினால் அதையும் அந்த நோட்டின் ஓரத்தில் குறித்துவிட்டுத் திரும்பலாம். தூக்கம் வந்தால் வாய்விட்டு ஜெபிக்கலாம், மொட்டை மாடியில் நடந்துகொண்டும் ஜெபிக்கலாம். அறையைப் பூட்டிக்கொள்ள இடமில்லாத ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்காரர்களுக்கு மாடிதான், கதவைப் பூட்டி ஜெபிக்க இயேசு சொன்ன 'அறைவீடு'.

சில ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு வசதி செயலியின் நினைவூட்டலை அமுக்கிவிடும். தனியாக அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில், சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்படும் பழைய திருப்புதல் (பழைய மொழிபெயர்ப்பு), எளிய தமிழ் என்று ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் கிடைக்கின்றன. ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பழைய திருப்புதலில் தடுக்கி விழுவார்கள், அவர்களுக்கு எளிய பதிப்பு. பாடிப் பழகிய சங்கீதங்களுக்குப் பழையதே இனிக்கும். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்கள் பழைய திருப்புதலில் இல்லை என்பதைக் கத்தோலிக்கர் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாசிப்புக்கு ஐந்துக்கு நாலரை. ஜெபத்துக்கு இரண்டரை, அதுவும் அந்தச் சிறு நோட்டு பக்கத்தில் இருந்தால்.