ஜட்டி போட்ட டைனோசரும் எங்கள் வீட்டுச் சொற்களும்: ஒரு லண்டன் அம்மாவின் மதிப்பீடு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, முதலாம் ஆண்டில் படிக்கிற என் மகன் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே ஜட்டி போட்ட டைனோசர் ஒன்றைப் பற்றிப் பாடத் தொடங்கினான். ஏதோ விளையாட்டுப் பாட்டு என்று விட்டுவிட்டேன். இரவு குளிப்பாட்டும்போது அவனே, "அம்மா, இது என்ர இடம், கழுவ முதல் என்னட்டக் கேக்க வேணும்" என்றான். கையில் சவர்க்காரத்தோடு அப்படியே நின்றேன். பிறந்த நாளிலிருந்து அவனைக் குளிப்பாட்டுகிறவள் நான், ஆனால் அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. "சரி, கழுவட்டோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றான்.

அந்த டைனோசரின் பெயர் பான்டோசோரஸ். பிள்ளைகள் மீதான கொடுமையைத் தடுக்க இங்கே வேலை செய்கிற என்.எஸ்.பி.சி.சி. என்ற தொண்டு நிறுவனம் 2013இல் தொடங்கிய 'பான்ட்ஸ்' விதிக்காக உருவாக்கிய பாத்திரம். வாலஸ் அண்ட் குரோமிட் படங்களைச் செய்த ஆர்ட்மன் நிறுவனம்தான் 2016இல் இந்தப் பாட்டுக்குப் படம் செய்தது. பாட்டும் பெற்றோருக்கான வழிகாட்டியும் இலவசம், இணையத்தில் எடுக்கலாம். இங்கே பான்ட்ஸ் என்றால் ஜட்டி, அந்த ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துக்கும் ஒவ்வொரு விதி. உள்ளுடுப்பு மறைக்கிற இடம் உனக்கு மட்டும். உன் உடம்பு உன்னுடையது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மனதைக் கலங்கச் செய்கிற இரகசியத்தை யாரிடமாவது சொல்லு. வாய் திறந்து பேசு, உதவி செய்ய ஆள் இருக்கிறது. இவ்வளவுதான். முழுவதிலும் 'செக்ஸ்' என்ற சொல்லோ, பயமுறுத்துகிற கதையோ கிடையாது, மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கே சொல்லலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது நாலாவது விதி. சின்ன வயதில் எங்களுக்கு 'கெட்ட ஆக்கள்' என்றால் தெருவில் நிற்கிற, மிட்டாய் தருகிற, முகம் தெரியாத ஒருவன்தான். ஆனால் பிள்ளையிடம் தவறாக நடக்கிறவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்த ஆள், அவருடைய முதல் ஆயுதமே 'இதை அம்மாவிட்டச் சொல்லாத' என்பதுதான். அப்பாவின் பிறந்தநாள் கேக்கை ஒளித்து வைப்பது ஒரு இரகசியம், அது கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்து எல்லாரும் சந்தோஷப்படுகிற இரகசியம். எப்போதுமே சொல்லக்கூடாது என்று ஒருவர் சொல்லி, அது வயிற்றுக்குள் கல்லு மாதிரி இருந்தால் அது வேறு. என் மகன் இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னான், கேக் உதாரணம் அவனுடையதேதான்.

இரண்டாவது விதிதான் எங்கள் வீட்டில் கரைச்சலைக் கொண்டுவந்தது. கொழும்பிலிருந்து வந்து நின்ற அம்மம்மா, "வா குஞ்சு, அம்மம்மாவுக்கு ஒரு கொஞ்சு தா" என்று இழுத்து அணைக்கப் பார்க்க, அவன் பின்னுக்குப் போய், "இப்ப வேண்டாம் அம்மம்மா, ஹை ஃபைவ் தாறன்" என்றான். அம்மாவின் முகம் வாடிவிட்டது. "என்னடி, பிள்ளைக்கு மரியாதை பழக்கேல்லையோ" என்று என்னிடம் கேட்டார். மாமாவுக்குக் கொஞ்சு, சித்திக்குக் கொஞ்சு என்று பிடித்துத் தள்ளித்தானே நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். அன்பில்தான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டு ஆளிடம் 'வேண்டாம்' சொல்லப் பழகாத பிள்ளைக்கு, தேவையான ஒரு நாளில் அந்தச் சொல் எங்கிருந்து வரும்? இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த இரண்டு நாள் எடுத்தது. அப்புறம் போகிற நாள் விமான நிலையத்தில் அவரே குனிந்து, "கொஞ்சட்டோ?" என்று கேட்டார். அவன் இரண்டு கன்னத்தையும் காட்டினான்.

குறையையும் சொல்ல வேண்டும். பாட்டை மட்டும் போட்டுவிட்டுப் போனால் அது வெறும் பாட்டுத்தான். மருத்துவர் பார்ப்பது எப்படி என்று மகன் கேட்டான், அதற்குப் பெற்றோர் வழிகாட்டியில்தான் பதில் இருக்கிறது: மருத்துவரோ தாதியோ பார்க்க வேண்டி வரலாம், ஆனால் ஏன் என்று சொல்லி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனால் வழிகாட்டியை முதலில் நீங்கள் வாசியுங்கள். மற்றது, உறுப்புகளின் பெயர். அது பாட்டில் இல்லை, வீட்டில்தான் சொல்ல வேண்டும், எங்களிடமோ சொல் இல்லை. ஆண் பிள்ளைக்குச் செல்லமாக ஏதோ ஒன்று இருக்கிறது. பெண் பிள்ளைக்கு 'அது', 'கீழ', 'சீ'. பாடப்புத்தகச் சொல் நாக்கில் வராது. யாராவது தொட்டார்கள் என்று சொல்ல வருகிற பிள்ளை 'சீயில தொட்டவர்' என்றால் ஆசிரியருக்கு என்ன விளங்கும்? நான் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் சரியான பெயரையே சொல்லத் தொடங்கிவிட்டேன், முதல் நாள் காது சூடாகியது, நாலாம் நாள் மூக்கு, முழங்கை மாதிரி ஆகிவிட்டது.

இனிப் பள்ளிக்கூடப் பாடத்துக்கு வருகிறேன், வாட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவுகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். "அஞ்சு வயசுப் பிள்ளையளுக்குப் பாலியல் படிப்பிக்கினமாம், வகுப்பால எடுங்கோ" என்று ஒருவர் அழாக்குறையாகச் சொல்கிறார். நடப்பது இதுதான். இங்கிலாந்தில் 2020 செப்டெம்பரிலிருந்து எல்லா ஆரம்பப் பள்ளிகளிலும் உறவுக் கல்வி கட்டாயம், அரசு நிதியில் நடக்கிற பள்ளிகளில் சுகாதாரக் கல்வியும் கட்டாயம். நட்பு, குடும்பம், மரியாதை, இணையத்தில் பாதுகாப்பு, உடம்பின் எல்லை, உதவி கேட்பது, பல் துலக்குவது, நித்திரை, இவைதான் அதற்குள் வருகின்றன. இவற்றிலிருந்து பிள்ளையை விலக்க முடியாது. பாலியல் கல்வி ஆரம்பப் பள்ளியில் கட்டாயமே இல்லை. பள்ளி அதைச் சொல்லிக் கொடுத்தால், அறிவியல் பாடத்தில் வருகிற பகுதியைத் தவிர மற்றதிலிருந்து விலக்கக் கேட்கலாம், தலைமை ஆசிரியர் மறுக்க முடியாது. என்ன பொருளை வைத்துப் படிப்பிக்கிறார்கள் என்று பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. போய்க் கேளுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு மனக்குறை இந்த இடத்தில்தான். பெற்றோர் கூட்டத்துக்கான அறிவித்தல் வியாழன் பின்னேரம் செயலியில் வந்தது, கூட்டம் வெள்ளி பிற்பகல் இரண்டரைக்கு. வேலைக்குப் போகிற எந்தத் தாய் தகப்பன் வருவார்கள்? நான் லீவு போட்டுப் போனேன், ஆறு பேர் இருந்தோம், தமிழாக்களில் நான் ஒருத்திதான். ஆனால் அந்த ஆசிரியை ஒவ்வொரு படத்தையும் திரையில் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அதை மாலை ஆறு மணிக்கு வைத்திருந்தால் பாதி வதந்தி அன்றைக்கே அடங்கியிருக்கும்.

மூத்தவள் ஐந்தாம் ஆண்டு. அவளுக்கு இந்த வருடம் பருவமடைதல் பாடம். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து கேட்டார்களாம், பிறகு பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மணி நேரம், பெட்டிக்குள் பெயர் எழுதாமல் கேள்வி போடலாம். மாதவிடாய்க்கு வைக்கிற பாட் (pad) ஒன்றைப் பிரித்து, அதில் நீல நிறத் தண்ணீர் ஊற்றிக் காட்டியிருக்கிறார்கள். அரசுப் பள்ளிகள் 2020 ஜனவரியிலிருந்து மாதவிடாய்ப் பொருட்களை இலவசமாக எடுத்துக் கொடுக்கலாம், எங்கள் பள்ளியில் அது எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். எனக்கு யாழ்ப்பாணத்தில் 12 வயதில் வந்தபோது நான் செத்துப் போகப் போகிறேன் என்று நினைத்துக் கிணற்றடியில் இருந்து அழுதேன். அம்மா பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்தார், தண்ணி வார்த்தார்கள், பட்டுச் சேலை, படப்பிடிப்பு, ஊர் முழுக்கச் சாப்பாடு, இது ஏன் வருகிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. லண்டனிலும் மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு செய்கிறோம். செய்யுங்கள், அது எங்கள் கொண்டாட்டம். ஆனால் எட்டு வயதிலேயே தொடங்குகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், முதலே சொல்லிவிடுங்கள்.

நட்சத்திரம் போடுவதானால் பான்ட்ஸ் விதிக்கு 5க்கு 4, ஐந்தாம் ஆண்டு ஆசிரியைக்கு முழுசாக 5, கூட்டம் வைத்த நேரத்துக்கு 1. பிள்ளை தானே பேச விரும்பினால், பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசிச் சேவையான சைல்ட்லைன் இலக்கம் 0800 1111, இலவசம். எங்கள் வீட்டில் அது குளிர்சாதனப் பெட்டிக் கதவில், பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டியிருக்கிறது.

பான்ட்ஸ் விதிக்கு ஒரு நட்சத்திரம் குறைந்ததற்குக் காரணம் மொழி. அந்த ஐந்து எழுத்து ஆங்கிலத்தில் மட்டும்தான் நிற்கும், தமிழில் சொன்னால் பாட்டு உடைந்துபோகிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ரீச்சரிடம் கேட்டேன், தவணை முடிய முதல் இருபது நிமிடம் தருகிறேன், பெற்றோரையும் இருத்திச் செய்யுங்கோ என்றார். ஐந்து வரியையும் தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் வரிதான் இன்னும் சரிவரவில்லை. 'அந்தரங்கம்' ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளங்காது, 'மறைவிடம்' என்றால் வெட்கப்பட வேண்டிய இடம் போல இருக்கிறது. நல்ல சொல் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கோ, வகுப்பு இன்னும் இரண்டு கிழமையில்.