ஸ்க்ரிவனரில் தமிழ் நாவல்: ஆறு மாதம் ஓட்டினால்தான் தெரியும் சங்கதிகள்

நாவல் போன்ற நீண்ட எழுத்துக்கான கணினி மென்பொருள் ஸ்க்ரிவனர். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்து உற்சாகத்தில் பேசுகிறார்கள். கார்க் பலகை, வண்ண அட்டைகள், பாத்திரக் குறிப்புத் தாள் எல்லாம் பார்க்க அழகுதான். நாவல் இருபதாயிரம் சொல்லைத் தாண்டியபின் இவற்றில் பாதியை யாரும் தொடுவதில்லை. மீதிப் பாதி இல்லாமல் எழுதவும் முடிவதில்லை. எது எந்தப் பாதி என்பதைப் பார்ப்போம்.

வேர்டில் நாவல் ஒரே நீளத் துணி. ஸ்க்ரிவனரில் ஒவ்வொரு காட்சியும் தனிக் கோப்பு. இடப்பக்கத்தில் பைண்டர் என்ற பட்டியலில் காட்சியைப் பிடித்து இழுத்து மேலே கீழே போட்டால் கதை வரிசை மாறிவிடும். 2007இல் மேக்குக்கும் 2011இல் விண்டோஸுக்கும் வந்த மென்பொருள் இது. விண்டோஸுக்கு மூன்றாம் பதிப்பு 2021இல்தான் வந்தது. அதற்கு முந்தைய காணொளிகளைப் பார்த்துக் கற்றால் மெனுக்கள் பொருந்தாமல் விழிக்க வேண்டியிருக்கும்.

புதிய திட்டம் திறக்கும்போது ‘நாவல்’ வார்ப்புருவைத் தவிர்த்து வெற்றுத் திட்டத்தை எடுப்பது நல்லது. நாவல் வார்ப்புரு ‘அத்தியாயம், அதற்குள் காட்சி’ என்று உறைகளை (ஃபோல்டர்) போட்டுத் தருகிறது. அத்தியாயம் எங்கே முடியும் என்பது தொடக்கத்தில் எழுதுகிறவருக்கே தெரியாது. முப்பது காட்சி சேரும்வரை எல்லாவற்றையும் ஒரே வரிசையில் போட்டு வையுங்கள். உறைகளைப் பிறகு செய்துகொள்ளலாம்.

திட்டமிடலுக்கு உண்மையில் உதவுவது ஒவ்வொரு காட்சியின் சுருக்கத்தையும் எழுதி வைக்கும் அட்டைதான். ஓர் அட்டைக்கு மூன்று வரி போதும்: யார் என்ன வேண்டி வருகிறார், எது குறுக்கே நிற்கிறது, போகும்போது என்ன மாறியிருக்கிறது. ‘பங்காளி நிலம் அளக்க வருகிறான். பெரியவர் ஊரில் இல்லை, மருமகள்தான் கதவைத் திறக்கிறாள். அவன் போனபின் சர்வே கல் இடம் மாறிக் கிடக்கிறது.’ மூன்றாவது வரி எழுத வரவில்லை என்றால் அது காட்சி அல்ல, வர்ணனை. அதை வேறொரு காட்சிக்குள் கரைத்துவிடலாம். தொடங்குமுன் பன்னிரண்டு முதல் பதினைந்து அட்டை போதும், முடிவுக்கு ஒன்று தனியாக. நாற்பது அட்டை போட்டுவிட்டு உட்கார்ந்தால், ஐந்தாவது காட்சியில் பாத்திரம் வேறு ஆளாக மாறி நிற்கும். இருபது அட்டை குப்பைக்குப் போகும். அதைவிட மோசம், அட்டை அடுக்குவதே எழுதுவது போல மனசுக்குத் திருப்தி தந்துவிடுவது.

நாவல் வார்ப்புருவோடு வரும் பாத்திரக் குறிப்புத் தாள் ஆங்கில நாவலுக்குச் செய்தது. தொழில், பழக்கம், அகமுரண் என்று கேட்கும். தமிழுக்கு இரண்டு கேள்வி அவசியம், இரண்டும் அதில் இல்லை. ஒன்று, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள். ஒரே ஆள் ஒருத்திக்கு அத்தான், இன்னொருத்திக்கு மச்சான், எதிர்வீட்டுக்குத் தம்பி. கதையின் நடுவில் ஒரு கல்யாணம் நடந்தால் பாதிப்பேரின் விளி மாறிவிடும். இன்னொன்று, பேச்சு. ‘வந்தாங்க’, ‘வந்தாக’, ‘வந்தாவ’ மூன்றில் எது என்று ஆளுக்கு ஆள் குறித்து வைக்காவிட்டால், நூறாம் பக்கத்தில் நெல்லைக்காரர் ராமநாதபுரம் பேச ஆரம்பித்துவிடுவார்.

பாத்திரங்களின் வயதுக் கணக்குக்கு, எல்லாக் காட்சிகளையும் அட்டவணையாகக் காட்டும் அவுட்லைனர் உதவும். அதில் ‘கதை நாள்’ என்று சொந்தமாக ஒரு நெடுவரிசை சேர்க்கலாம். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இடுங்கள், அப்போதுதான் சரியாக அடுக்கும். பிறந்த வருடத்தையும் குறித்து வைத்தால் கணக்குத் தப்பாது: 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலின்போது எட்டு வயதுப் பையன், 2004 சுனாமியில் நாற்பத்தெட்டு வயது ஆள். பேரன் பேத்தி எடுத்த தாத்தாவாக அவரைக் காட்டுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கத் தோன்றும்.

பெயர்களைத் தொடக்கத்திலேயே முடிவு செய்வது தமிழில் இரட்டிப்பு முக்கியம். ‘செல்வி’யைப் பாதியில் ‘மாலா’ என்று மாற்றினால், ‘செல்வியை’ என்பது ‘மாலாயை’ ஆகிவிடும். அதே ஈற்றுள்ள ‘கல்யாணி’ என்றால் தொல்லை இல்லை. ‘முருகன்’ என்று தேடினால் ‘முருகனுக்கு’ அகப்படாமல் போகலாம். ‘முருக’ என்று தேட வேண்டும், முருகேசன் யாராவது இருந்தால் அவரும் வந்து நிற்பார். திட்டம் முழுவதும் ஒரே தட்டில் செய்யும் மாற்றத்தைத் திரும்பப் பெற வழியில்லை என்பதால், அதற்குமுன் ஒரு நகல் கட்டாயம்.

சொல் இலக்கு வைக்கும் வசதி நல்லது, எண்ணைத்தான் நம்பக்கூடாது. ‘வந்துகொண்டிருந்தான்’ ஒரு சொல், ‘வந்து கொண்டிருந்தான்’ இரண்டு. எழுதுகிறவரின் இடைவெளிப் பழக்கத்தைப் பொறுத்து ஒரே அத்தியாயத்தின் எண்ணிக்கை கூடும், குறையும். ஆங்கிலத்தில் சொல்கிற ஐம்பதாயிரம், எண்பதாயிரம் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். டெமி எனப்படும் புத்தக அளவில் பக்கத்துக்குச் சுமார் இருநூறு சொல் என்று வைத்தால், 45,000 சொல் ஏறக்குறைய 225 பக்கம். ஓர் அமர்வுக்கு 400 சொல், வாரம் ஐந்து நாள் என்றால் இருபத்துமூன்று வாரம். தினம் ஆயிரம் என்று இலக்கு வைக்கிறவர்கள் மூன்றாவது வாரத்தில் இலக்கில் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையைப் பார்க்கவே பயந்து மென்பொருளைத் திறக்காமல் இருப்பார்கள்.

அதிகம் பேசப்படாத, ஆனால் தினமும் கைகொடுக்கிற வசதி ஸ்னாப்ஷாட். விண்டோஸில் கன்ட்ரோல் 5, மேக்கில் கமாண்ட் 5. அந்தக் காட்சியின் அப்போதைய வடிவம் பத்திரமாகிவிடும். முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்பப் பளபளப்பாக்கும் வியாதிக்கு இதுதான் மருந்து: ஸ்னாப்ஷாட் எடு, விட்டுவிடு, அடுத்த காட்சிக்குப் போ.

கோப்பு நாசமாவது பெரும்பாலும் இரண்டு கணினிகளுக்கு இடையே இணையம் வழியாகச் செய்யும் ஒத்திசைவில்தான். ஸ்க்ரிவனர் திட்டம் என்பது ஒரு கோப்பு அல்ல, நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் அடங்கிய உறை. மேகத்தில் (இணையச் சேமிப்பில்) பாதி ஏறியிருக்கும்போது மடிக்கணினியை மூடிவிட்டு இன்னொன்றில் திறந்தால் காட்சிகள் காணாமல் போகும், அல்லது இரட்டையாக வந்து நிற்கும். டிராப்பாக்ஸ் பச்சை டிக் காட்டும்வரை பொறுத்திருங்கள். கூகுள் டிரைவில் நேரடியாக வைத்து வேலை செய்ய வேண்டாம். தானியங்கிக் காப்பு நகல் கடைசி ஐந்தை மட்டுமே வைத்திருக்கும். அதை இருபத்தைந்தாக உயர்த்தி, வேறொரு இடத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். ஆய்வுப் படங்களை உள்ளே திணித்தால் ஒவ்வொரு முறை மூடும்போதும் காப்பு எடுக்க நேரம் பிடிக்கும்.

எழுத்துருவை முதல் நாளே நிர்மலா அல்லது நோட்டோ தமிழுக்கு மாற்றி, ஆங்கில எழுத்துப்பிழைத் திருத்தியை அணைத்துவிடுங்கள். தட்டச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கிய பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றியபின் உள்ளே கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். கம்பைல் எனப்படும் தொகுப்பு வசதி குழப்பமானது. அதில் ஆங்கிலத்தில் வரும் அத்தியாயத் தலைப்பை மட்டும் தமிழாக்கி, வேர்டு கோப்பாக வெளியே எடுத்துக்கொண்டு, மெய்ப்புத் திருத்தத்தை அங்கே பார்ப்பதுதான் தலைவலி குறைந்த வழி.

சந்தா கிடையாது, ஒருமுறைக் கட்டணம். மேக்குக்கும் விண்டோஸுக்கும் தனித்தனி உரிமம். ஆண்ட்ராய்டுக்குச் செயலி இல்லை, ஆகவே பேருந்தில் போனில் எழுதிப் பழகியவர்கள் வாங்குமுன் யோசிக்கலாம். இலவசச் சோதனை முப்பது நாள். திறக்கிற நாளை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். வாரம் இரண்டு நாள் திறந்தால் பதினைந்து வாரம் வரும். அதற்குள் பத்துக் காட்சி எழுதி, அவற்றின் வரிசையை ஒருமுறையாவது மாற்றியிருந்தால் வாங்குங்கள். வரிசை மாற்றத் தேவையே வரவில்லை என்றால் வேர்டே போதும்.