எக்ஸ்எல்எஸ்ஃபார்மில் கிரிட் கேள்விகள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

கள ஆய்வுக்கான கேள்வித்தாள்களை எக்ஸ்எல்எஸ்ஃபார்மில், அதாவது எக்செல் கோப்பிலேயே படிவத்தை உருவாக்கும் முறையில், எழுதுவதுதான் பல வருடங்களாக என் வேலை. அவை பெரும்பாலும் களத்தில் பதில்களைப் பதிவுசெய்யும் ஓடிகே கலெக்ட் ஆப்பில் ஓடும், சில சமயம் அதே வேலைக்கான கோபோடூல்பாக்ஸில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதிகம் கேட்பது கிரிட் கேள்வியைப் பற்றித்தான். இடப்பக்கம் ஐந்தாறு விஷயங்கள், மேலே 'மிக மோசம்' முதல் 'மிக நன்று' வரை, வரிக்கு ஒரு வட்டத்தைத் தொட வேண்டும். இதை எழுதுவது சுலபம். வரும் பதில் நம்பும்படி இருப்பதுதான் கஷ்டம், அதில் பெரும்பங்கு கேள்வித்தாளை எழுதுகிறவர் கையில் இருக்கிறது.

எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். எக்செல் கோப்பில் விடைகளுக்கான சாய்ஸஸ் ஷீட்டில் அளவுகோலை ஒரே ஒருமுறை எழுதினால் போதும். கேள்விகளுக்கான சர்வே ஷீட்டில் ஒரு குரூப்பைத் தொடங்கி, திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் அப்பியரன்ஸ் நெடுவரிசையில் டேபிள்-லிஸ்ட் என்று கொடுத்து, உள்ளே ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு செலக்ட் ஒன் (ஒரு விடை மட்டும் தேர்ந்தெடுக்கும்) கேள்வியாக எழுத வேண்டும். எல்லா வரியும் அதே விடைப் பட்டியலைத்தான் பயன்படுத்த வேண்டும். அப்புறம் குரூப்பை மூட வேண்டும். கட்டாயக் கேள்வி என்ற குறியை ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும், குரூப்புக்குப் போட்டால் வேலை செய்யாது.

அளவுகோலை ஒரே இடத்தில் வைத்திருப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். கடைசி நேரத்தில் 'சுமார்' என்பதை 'பரவாயில்லை' என்று மாற்றச் சொன்னால் ஒரு செல்லைத் திருத்தினால் போதும், அத்தனை கிரிட்டும் மாறிவிடும்.

சிக்கல் திரையில் தொடங்குகிறது. அலுவலகக் கணினியில் அழகாகத் தெரியும் கிரிட், களத்தில் இருக்கும் ஆறங்குல ஃபோனில் அப்படி இருக்காது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'மிகவும் திருப்தியாக உள்ளது' என்பதை ஐந்து நெடுவரிசைகளில் ஒன்றுக்குள் திணித்தால் உடைந்து மூன்று நான்கு வரிகளாக நிற்கும். அதனால் தலைப்பை 'மிக நன்று', 'நன்று' என்ற அளவுக்குச் சுருக்கிவிடுவேன். டேப்லெட் என்றால் டேபிள்-லிஸ்ட். ஃபோன் என்றால் கிரிட்டே வேண்டாம், ஒரு திரைக்கு ஒரு கேள்வி. விடைப் பட்டியல் அதேதான் என்பதால் அப்பியரன்ஸை எடுத்துவிட்டாலே போதும். நான்கைந்து தலைப்புகளும் குட்டையாக இருந்தால் ஒற்றைக் கேள்விக்கு லைக்கர்ட் என்ற அப்பியரன்ஸும் நன்றாக இருக்கும், விடைகள் கிடைமட்டமாக வரும். 1932இல் ரென்சிஸ் லைக்கர்ட் முன்வைத்த அளவுகோலின் பெயர்தான் அது.

நகரப் பேருந்து பற்றிய ஒரு கிரிட்டை எடுத்துக்கொள்வோம். நேரத்துக்கு வருவது, உட்கார இடம், சுத்தம், நடத்துநர் பேசும் விதம், கட்டணம் என்று ஐந்து வரிகள். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். காசே கொடுக்காமல் போகிறவரிடம் கட்டணத்துக்கு மதிப்பெண் கேட்டால் சிரிப்பார், அல்லது ஏதோ ஒன்றைச் சொல்லி வைப்பார். அந்த வரிக்கு மட்டும், கேள்வி யாருக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லும் ரெலவன்ட் நெடுவரிசையில் நிபந்தனை எழுத வேண்டும். யாருக்கு எந்த வரி பொருந்தாது என்று வரிவரியாக யோசிப்பதைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது நேர்கோட்டுப் பதில், அதாவது எல்லா வரிக்கும் ஒரே விடை. வெயிலில் நிறுத்தத்தில் நிற்கிறவர் இரண்டாவது வரியிலேயே 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போட்டுக்கோங்க' என்பார். களப்பணியாளரும் மளமளவென்று 'நன்று' வட்டங்களைத் தொட்டுவிட்டுப் போவார். இதற்குப் பின்னணியில் கணக்கிடும் ஒரு கால்குலேட் வரியில் எல்லா விடையும் ஒன்றா என்று பார்த்து, ஒன்றாக இருந்தால் அடுத்த திரையில் ஒரு நோட் காட்டலாம்: 'எல்லாவற்றுக்கும் ஒரே பதில். ஒருமுறை சரிபார்க்கவும்.' கன்ஸ்ட்ரெயின்ட் (விடையை ஏற்க மறுக்கும் நிபந்தனை) போட்டுத் தடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சிலருக்கு நிஜமாகவே எல்லாமே நன்றாகத் தோன்றும். அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று தடுத்தால் களப்பணியாளர் ஒரு பதிலைத் தானே மாற்றிவிட்டு நகர்வார், தவறான தரவு அப்படித்தான் உள்ளே வருகிறது.

'சொல்லத் தெரியவில்லை' என்பதற்கு 98 என்று குறியீடு கொடுப்பது வழக்கம். சராசரி எடுப்பதற்கு முன் அதை நீக்க வேண்டும் என்று தரவைக் கையாள்பவருக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள். 4, 4, 3, 4, 98 என்றால் சராசரி 22.6 என்று வந்து நிற்கும். 98ஐ நீக்கினால் 3.75.

கேள்விகளின் வரிசையைக் கலைத்துக் கேட்க நேரடி வழி இல்லாததுதான் இதில் குறை. பாராமீட்டர்ஸ் நெடுவரிசையில் ராண்டமைஸ் கொடுத்தால் விடைகள் கலையும், கேள்விகள் கலையாது. முதல் வரிக்கு யோசித்த பதிலும் கடைசி வரிக்கு அலுத்த பதிலும் வரும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. நான் செய்வது இதுதான்: ஆரம்பத்தில் ஒருமுறை மட்டும் ராண்டம் எண் ஒன்றை எடுத்து வைத்து, பாதிப்பேருக்கு மேலிருந்து கீழாக ஒரு கிரிட், மீதிப்பேருக்குத் தலைகீழாக இன்னொரு கிரிட். பின்னால் இரண்டையும், காலியாக இல்லாத விடையை எடுக்கும் கோலெஸ் ஃபங்ஷனால் ஒரே நெடுவரிசையாக்கலாம். ஐந்தாறு வரிகளுக்கு இது தாங்கும். பதினைந்து வரிகள், முழுக்கக் கலைத்தே ஆக வேண்டும், அதுவும் இணையத்தில் பதில் சொல்கிறவர்களிடம் என்றால், துணைக்கேள்விகளைத் தானே கலைத்துக் கொடுக்கும் லைம்சர்வே என்ற இணைய ஆய்வு மென்பொருளுக்குப் போவதுதான் சரி.