‘அழுவது நல்லது’ என்று சொல்லும் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இயங்கும் சிகிச்சை நிலையத்துக்கு 132,000 ரூபாய் முற்பணம் கட்டினேன். தடவைக்கு 5,500 வீதம் 24 தடவைக்கான காசு. முழுவதும் கட்டினால்தான் நேரம் ஒதுக்குவோம் என்றார்கள். 11 தடவையோடு நிறுத்திவிட்டேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. அங்கே என்ன செய்தார்கள் என்பதை எழுதுகிறேன், ஏனென்றால் இதே பேச்சை வேறு இடங்களிலும் கேட்டதாக இரண்டு தாய்மார் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

தம்பி என்று நாங்கள் கூப்பிடும் என் மகனுக்கு நான்கு வயது. ஓட்டிசம் என்று பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சொன்னபோது அவனுக்கு இரண்டரை. பேச்சு ஏழெட்டுச் சொற்கள்தான். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலின் கீழ் போய்விடுவான். தலைமுடி வெட்டுவதும் நகம் வெட்டுவதும் வீட்டில் பெரிய போராட்டம். வைத்தியசாலையில் தவணை கிடைக்கக் காத்திருக்க வேண்டும், கிடைத்தாலும் சிகிச்சையாளர் சிங்களத்தில் பேசுவார். தமிழில் பேச்சுச் சிகிச்சை கொடுப்பவரைக் கொழும்பில் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு அரிது என்று. இந்த நிலையத்தில் எல்லோரும் தமிழ். முதல் நாளே அங்கே சிகிச்சை கொடுக்கும் பெண்மணி என் கையைப் பிடித்து, “அம்மா, இனி நீங்கள் தனியாக இல்லை” என்றார். இரண்டு வருடமாக அந்த வார்த்தைக்குத்தான் ஏங்கியிருந்தேன். கிடைத்த சீட்டுக் காசை அப்படியே கொடுத்துவிட்டேன்.

தம்பியின் மண்டையோட்டு எலும்புகள் இறுகிப்போயிருக்கின்றன, மூளையைச் சுற்றி ஓடும் பாய்பொருளுக்கு வழியில்லை, கையால் அந்த அடைப்பை எடுத்தால் பேச்சு வரும் என்றார். கிரேனியோசேக்ரல் என்று பெயரும் சொன்னார். அதோடு உடம்பைப் பிரஷால் தேய்ப்பதும், இறுக்கி அணைத்துப் பிடிப்பதும் சேர்ந்தது. பேச்சுச் சிகிச்சையை இப்போதைக்கு நிறுத்துங்கள், இரண்டும் ஒன்றையொன்று குழப்பும் என்றார். நிறுத்தினேன். இதை எழுதும்போது வயிறு எரிகிறது. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த இடம் அது.

பெற்றோர் உள்ளே வரக்கூடாது, பிள்ளை தாயைத் தேடுவான் என்பது அவர்களின் விதி. நான் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். மூன்றாவது தடவை அவன் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து பார்த்தார். கதவைத் தட்டினேன். “பயப்படாதீர்கள், உள்ளே அடைந்து கிடந்தது வெளியே வருகிறது. அழுவது நல்லது” என்று உள்ளிருந்தே பதில் வந்தது. ஏழாவது தடவை சத்தமே இல்லை. வெளியே வந்தவன் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். “பார்த்தீர்களா, அமைதியாகிவிட்டான்” என்றார்.

அழுதாலும் வெற்றி, அழாவிட்டாலும் வெற்றி. இந்த இடத்தில்தான் நான் விழித்திருக்க வேண்டும். பிள்ளைக்கு நல்லது நடக்கவில்லை என்று காட்டக்கூடிய எந்த அடையாளத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. என் மகனிடம் வாய்ச்சொல் இல்லை. கையைத் தள்ளுவதும் அழுவதும்தான் அவன் ‘வேண்டாம்’ என்று சொல்லும் மொழி. அந்த மொழியையே நோயின் கழிவு என்று எனக்கு விளங்கப்படுத்தினார்கள், நானும் தலையாட்டினேன்.

11ஆவது தடவைக்குப் பிறகு மாமி அவனுக்கு எண்ணெய் வைக்கப் போனார். சின்ன வயதிலிருந்து மாமியின் கையில் எண்ணெய் தேய்த்துக்கொள்வது அவனுக்கு உயிர். அன்று தலையில் கை பட்டதும் நிலத்தில் விழுந்து தன் நெற்றியைத் தரையில் மோதினான். அப்படி அவன் முன்பு ஒருநாளும் செய்ததில்லை. மறுநாள் அந்த நிலையத்துக்குப் போகவில்லை, சிறுவர் வைத்தியரிடம் போனோம்.

அவர் பொறுமையாக விளக்கினார். கிரேனியோசேக்ரல் முறையை 1970களில் அமெரிக்காவில் ஜோன் அப்லெட்ஜர் என்பவர் உருவாக்கினார். மண்டையோட்டு எலும்புகள் அசைகின்றன என்று அதற்கு முன் வில்லியம் சதர்லேண்ட் சொன்ன கருத்துத்தான் அதன் அடி. கையால் உணரலாம் என்று சொல்லப்படும் அந்தப் பாய்பொருளின் ‘தாளத்தை’, ஒரே ஆளைத் தொட்டு வெவ்வேறு பயிற்சியாளர்கள் எண்ணிய சோதனைகளில் எண்ணிக்கைகள் ஒத்துவரவில்லை. ஓட்டிசத்துக்கு அது பயன்படும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இன்னொன்றும் சொன்னார்: அந்த முறையைக் கற்பிப்பவர்களே 5 கிராம் அளவு அழுத்தம் போதும் என்கிறார்கள். அப்படியானால் என் பிள்ளை எதற்குக் கத்தினான்? சுவரில் தொங்கிய சான்றிதழ் நான்கு நாள் பயிற்சிக்கானது என்பதை நான் அதன் பிறகுதான் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன்.

தொடுவதே பிழை என்று நான் சொல்லவில்லை. என் கணவர் தம்பியைப் போர்வையில் சுற்றி உருட்டினால் அவன் சிரித்துக்கொண்டே மறுபடி வந்து படுப்பான். தொடுதல், அசைவு போன்றவற்றால் பிள்ளையின் புலன்களைப் பழக்கும் உணர்வு ஒருங்கிணைப்பு என்ற பெயரில், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் செய்வதும் ஜீன் அயர்ஸ் என்ற தொழில்வழிச் சிகிச்சையாளரின் வேலையிலிருந்து வந்ததுதான். அதைப்பற்றிக்கூட அமெரிக்கச் சிறுவர் வைத்தியர் கழகம் 2012இல், சான்றுகள் குறைவு, முடிவானவை அல்ல என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள் என்றது. பயிற்சி பெற்றவர்கள் இவ்வளவு அடக்கமாகப் பேசும் விடயத்தில், 24 தடவையில் பேச்சு வரும் என்று ஒருவர் சத்தியம் செய்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

2009இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்று 18 முதல் 24 மாதக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசத்தைக் கண்டது. அத்தனை வீடுகளிலும் என்னைப்போல ஒரு தாய் இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருப்பாள். அவளுக்காகச் சொல்கிறேன்: தொழில்வழிச் சிகிச்சை, இயன்மருத்துவம் செய்வதாகச் சொல்பவரிடம் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். நான் அந்தப் பெண்மணியிடம் கேட்டபோது, “இது அதற்கெல்லாம் மேற்பட்டது அம்மா” என்றார். கதவுக்கு வெளியே உங்களை உட்காரவைத்தால் பிள்ளையை உள்ளே விடாதீர்கள். ஏற்கெனவே நடக்கும் சிகிச்சையை நிறுத்தச் சொன்னால் முதலில் அந்தச் சிகிச்சையாளரிடமே கேளுங்கள்.

இப்போது மறுபடி வைத்தியசாலைக்கே போகிறோம். அங்குள்ள சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாது. முதல் நாள் என்னிடம், போதும் என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டுத் தன் கொப்பியில் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். தம்பி கையைத் தள்ளினால் “போதும்” என்று சொல்லிக் கையை எடுத்துவிடுகிறார். தலையை இன்னும் யாரையும் தொட விடுவதில்லை. மாமி எண்ணெய்ப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

மீதி 13 தடவைக்கான 71,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். பற்றுச்சீட்டின் கீழே பொடி எழுத்தில் ‘பணம் மீளளிக்கப்படாது’ என்றிருப்பதைக் காட்டினார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தொலைபேசியில் விசாரிக்க இலக்கம் 1977. எனக்கு இது தெரியவந்தபோது ஒன்பது நாட்கள்தான் மிச்சமிருந்தன. இப்படியான இடத்தில் காசு கட்டியிருந்தால் இன்றைக்கே பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துத் திகதியைப் பாருங்கள்.