எம்.எஸ்சி.: இரண்டு வருடம் பயன்படுத்திப் பார்த்த பிறகு

படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆன நிலையில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. பழைய மாணவர்களுக்கான கருத்துப் படிவமாம். 'எங்கள் முதுநிலைப் படிப்பை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு கேள்வி, அதன் கீழே காரணம் எழுத ஒரு குட்டிக் கட்டம். 6 போட்டேன். காரணத்தை எழுத ஆரம்பித்தால் 250 எழுத்துக்கு மேல் கட்டம் வாங்க மாட்டேன் என்கிறது. இரண்டு வருடத்தை அதற்குள் எங்கே திணிப்பது, அதனால் இங்கே வந்துவிட்டேன்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. படித்தது புள்ளியியல். மற்ற துறைகளில், மற்ற ஊர்களில் படித்தவர்களிடம் பேசிப் பார்த்ததில் பாடத்தின் பெயரை மாற்றினால் போதும், மிச்சக் கதை அப்படியே பொருந்துகிறது.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தரவரிசையைப் பார்த்துச் சேர்ந்தவன் நான். புள்ளியியல் படிக்கப் போகிற ஒருவன், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. சேர்ந்த பிறகு ஒரு நாள் சும்மா இருக்கும்போது பார்த்தேன். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தி 2003 முதல் வருகிற ஷாங்காய் பட்டியலில் 30 சதவீத மதிப்பெண் நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் போகிறது: வாங்கிய முன்னாள் மாணவர்களுக்கு 10, வாங்கிய ஆசிரியர்களுக்கு 20. இன்னொரு 20 சதவீதம் நேச்சர், சயன்ஸ் என்ற இரண்டு இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு. ஒரு எம்.எஸ்சி. வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. க்யூ.எஸ். என்ற இன்னோர் உலகப் பட்டியலில் ஆசிரியர், மாணவர் விகிதம் என்று ஒன்று இருக்கிறது, முன்பு 20 சதவீதமாக இருந்து இப்போது 10 ஆகிவிட்டது. அப்படி எண்ணப்படுகிற ஆசிரியர் உங்கள் வகுப்பு வாசலை மிதிப்பாரா என்பது தனிக் கதை. பட்டியல்மீது எனக்குக் கோபமில்லை. அது ஆராய்ச்சியை அளக்கிறது, நான்தான் அதை வைத்துப் பாடம் நடத்துவதை அளந்தேன். எடைக்கல்லை வைத்துத் துணியை அளந்த கதை.

சரி, படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றால் அதற்கும் வழி குறைவு. பிரிட்டனில் இளங்கலை இறுதியாண்டு மாணவர்களிடம் 2005 முதல் கருத்துக் கேட்டு, பல்கலைக்கழகம் வாரியாக ஊரறிய வெளியிடுகிறார்கள். முதுநிலைக்கும் ஒரு கணிப்பு இருக்கிறது, ஆனால் அதில் தனித்தனிப் பல்கலைக்கழகத்தின் முடிவுகள் அந்தந்த நிர்வாகத்தின் கைக்குத்தான் போகின்றன. காசு கட்டப் போகிறவனுக்கு மிஞ்சுவது கையேடு மட்டும்தான்.

அந்தக் கையேடு! விருப்பப் பாடங்கள் 14 என்று போட்டிருந்தது. பேயீசியன் முறைகள், சர்வைவல் அனாலிசிஸ், காலத்தொடர், எல்லாம் வாயில் நீர் ஊறுகிற பட்டியல். இரண்டு வருடத்தில் உண்மையில் நடந்தவை 3. துறை அலுவலகத்தில் கேட்டால், எட்டுப் பேர் சேர்ந்தால்தான் பாடம் நடக்கும் என்றார்கள். சர்வைவல் அனாலிசிஸுக்கு ஏழு பேர் இருந்தோம். எட்டாவதாக ஒருவனைப் பிடித்து, குறிப்பெல்லாம் நாங்களே எழுதித் தருகிறோம், அசைன்மெண்டுக்கு உதவுகிறோம், பெயரை மட்டும் கொடு என்று மூன்று நாள் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தோம். பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றுதான் தெரிந்தது, அந்தப் பாடத்தை நடத்துகிற பேராசிரியர் அந்த செமஸ்டர் முழுக்க விடுப்பில். கையேட்டில் இப்போதும் அந்தப் பாடம் இருக்கிறது, போன வாரம் பார்த்தேன்.

நேரக் கணக்கைப் பற்றியும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கால அட்டவணையைப் பார்த்தவுடன் வாரத்தில் பாதி காலியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பிரிட்டனில் ஒரு வருட முதுநிலைப் படிப்புக்கு 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு, ஆக 1,800 மணி நேரம். பட்டப்படிப்புகளை ஒரே மாதிரி ஆக்க ஐரோப்பிய நாடுகள் 1999ல் செய்த பொலோனியா ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே பரவிய முறையில் வருடத்துக்கு 60 கிரெடிட், ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேரம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் வகுப்பறையில் கழிவது அதில் சின்னப் பங்குதான், மீதி முழுக்க நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டிய நேரம். கால அட்டவணையில் காலியாகத் தெரிகிற கட்டம்தான் படிப்பே. இது எனக்குப் புரிந்தபோது முதல் செமஸ்டர் முடிந்திருந்தது, ஒரு அரியரோடு.

நல்லதையும் சொல்ல வேண்டும், ஒன்று நிஜமாகவே நன்றாக இருந்தது. முதல் வருடம் வியாழக்கிழமை மதியம் ஒரு செமினார். நீள மேசை, ஐந்து பேர், ஓர் ஆசிரியர். புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976ல் எழுதிய, விடுபட்ட தரவுகளைப் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டு பக்கம். அதற்கு ஆறு வாரம் ஆனது. முதல் நாள் அவர் கட்டுரையைத் திறக்கவே இல்லை. இளங்கலை வகுப்பு ஒன்றின் டெஸ்ட் மார்க் பட்டியலை, பெயரை மறைத்துவிட்டு மேசையில் போட்டார். அங்கங்கே காலிக் கட்டங்கள், டெஸ்ட்டுக்கு வராதவர்கள். சராசரி போடுங்கள் என்றார். காலியை விட்டுவிட்டுப் போட்டோம். 'இந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது?' என்று கேட்டார். உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம், பஸ் தாமதம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்தில் விரலை வைத்து அதே கேள்வியைக் கேட்டார். அப்புறம் அடுத்தது. முக்கால் மணி நேரம் கழித்து எங்களில் ஒருத்தி மெதுவாக, 'ஃபெயில் ஆகிவிடுவோம் என்று தெரிந்துதான் வராமல் இருந்திருப்பார்கள்' என்றாள். அவ்வளவுதான், வகுப்பு முடிந்தது. காலியை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் அது நன்றாகப் படிக்கிற வகுப்பு. காலி ஏன் காலி என்று கேட்டால் வேறு வகுப்பு. ரூபின் சமன்பாட்டில் எழுதியதும் இதைத்தான், ஒரு தரவு விடுபட்டதற்கான காரணம் விடுபட்ட அந்த மதிப்பையே சார்ந்ததா இல்லையா என்பது.

இந்த மாதிரி செமினார் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது, 1876ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அதை அமெரிக்காவில் ஊன்றியது. ஒரு மேசை, ஒரு கட்டுரை, ஐந்தாறு பேர், இதற்குமேல் எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் ஐந்து பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது எந்த நிர்வாகத்துக்கும் கட்டுப்படியாகாது. அடுத்த வருடம் அதே செமினாரை நாற்பது பேருக்கு, மைக் வைத்து நடத்தினார்களாம்.

மற்ற வகுப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்லைடைப் படித்துக் காட்டினார்கள். எனக்கும் படிக்கத் தெரியும்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு எதைப் பார்த்தாலும் காலிக் கட்டம்தான் கண்ணில் பட்டது. கையேட்டின் பின் அட்டையில் பெரிய எழுத்தில் '94 சதவீதம் வேலையில்' என்று இருந்தது. கீழே எறும்பு அளவில், 'பதிலளித்தவர்களில்'. வேலை கிடைக்காதவன் எவன் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்புவான்?

இனி ஆய்வேடு. முதுநிலைப் படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. எனக்கு முதலில் ஒதுக்கப்பட்ட நெறியாளர் பெரிய ஆள், அவர் பெயரைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் உண்டு. அவரிடம் அந்த வருடம் பதினேழு பேர். முதல் அத்தியாயத்தை அனுப்பினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், நினைவூட்டல் மெயில், வராந்தாவில் எதிர்ப்பட்டால் ஒரு சிரிப்பு. 41ஆம் நாள் பதில் வந்தது: 'நன்றாக இருக்கிறது. தொடரவும்.' எனக்கு ஒரே குஷி. ராத்திரி அனுப்பிய கோப்பைத் திரும்பத் திறந்து பார்த்தபோதுதான் கவனித்தேன், ஏழாம் பக்கத்தில் 'அட்டவணை 3 இங்கே வரும்' என்று எழுதிவிட்டு அட்டவணையைப் போடாமலே அனுப்பியிருக்கிறேன். அந்த அட்டவணைதான் அத்தியாயத்தின் மையமே. அது இல்லாமலே நன்றாக இருந்திருக்கிறது.

மூன்றாவது செமஸ்டர் முடிவில் அவர் நீண்ட விடுப்பில் போனார், என்னை வேறொரு மேடத்திடம் மாற்றினார்கள். செமஸ்டருக்கு செமஸ்டர் ஒப்பந்தத்தில் இருக்கிற ஆசிரியர் அவர், அவருக்கென்று தனி அறைகூடக் கிடையாது, லேபின் மூலையில் ஒரு மேசை. அதே அத்தியாயத்தைக் கொடுத்தேன். நான்காம் நாள் பிரிண்ட் எடுத்த தாள்கள் பென்சில் எழுத்தோடு திரும்பி வந்தன. 'இதனால் தெரிய வருவது' என்று நான் எழுதிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு வட்டம், ஓரத்தில் ஒரே சொல்: 'எதனால்?' எண்ணிப் பார்த்தேன், 23 இடம். கோபமாக வந்தது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து பதில் எழுதப் போனால் ஒன்பது இடத்தில் என்னிடம் பதிலே இல்லை, வாக்கியம் ஓடுகிற வேகத்தில் தானாக வந்து விழுந்த முடிவுகள் அவை. அந்த ஒன்பதையும் வெட்டினேன். ஆய்வேடு 14 பக்கம் மெலிந்தது, முதல்முறையாக அதைப் படித்தால் எனக்கே நம்பிக்கை வந்தது. வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட மூன்று கேள்விகளும் பென்சிலில் ஏற்கெனவே கேட்கப்பட்டவைதான்.

நான் கட்டிய கட்டணத்தில் உருப்படியாகச் செரித்தது அந்த வியாழக்கிழமைகளும் இந்தப் பென்சில் தாள்களும்தான். அந்தப் பென்சிலுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த கூலி என்னவென்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அடுத்த வருடம் அவருடைய ஒப்பந்தத்தை நிர்வாகம் புதுப்பிக்கவில்லை.

மனசு கெட்டுப்போவதைப் பற்றி ஜூனியர்கள் கேட்கிறார்கள். 2018ல் வந்த ஓர் ஆய்வு 26 நாடுகளில் 2,279 மாணவர்களிடம் கேட்டு, 41 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை பதற்றம் இருப்பதாகச் சொன்னது, பொதுமக்களில் அது 6 சதவீதம் என்று ஒப்பிட்டது. ஊரெல்லாம் மேற்கோள் காட்டுகிற எண். ஆனால் அதில் பத்தில் ஒன்பது பேர் முனைவர் பட்ட மாணவர்கள், படிவம் மெயிலிலும் சமூக ஊடகங்களிலும் சுற்றியது, யாருக்கு நோகிறதோ அவர்கள் முந்திக்கொண்டு நிரப்பியிருக்கலாம். அதனால் நோவு பொய் என்று சொல்லவில்லை. அந்த 41 நாளில் எனக்கும் தூக்கம் கெட்டது. பாடம் கடினமாக இருந்ததற்காகக் கெடவில்லை, நான் எழுதியதை யாராவது படித்தார்களா என்று தெரியாமல் கெட்டது.

ஒரு எச்சரிக்கை. மாணவர்கள் ஆசிரியர்களுக்குப் போடுகிற மதிப்பெண்ணுக்கும் அவர்களிடம் மாணவர்கள் கற்றுக்கொள்ளும் அளவுக்கும் தொடர்பு இல்லை என்று 2017ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்திருக்கிறது. நான் எழுதுவதும் அந்த ரகம்தான், அதற்குத் தகுந்தாற்போல் தள்ளுபடி செய்து படியுங்கள். மூன்றாவது வாரம் என்னிடம் அந்தப் பென்சில் மேடத்துக்கு மார்க் போடச் சொல்லியிருந்தால் இரண்டுக்கு மேல் போட்டிருக்க மாட்டேன்.

ஆக, ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வேலைக்காக மட்டும் என்றால் யோசித்துச் சேருங்கள், வேலை எனக்கு ஆய்வேட்டைக் காட்டித்தான் கிடைத்தது, சான்றிதழை யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. சேர்வது என்று முடிவெடுத்துவிட்டால் கையேட்டைப் படிக்கிற நேரத்தில் இரண்டாம் வருடத்தில் இருக்கிற யாரையாவது பிடித்து, 'வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வருகிறது, வரும்போது அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா?' என்று மட்டும் கேளுங்கள். இப்படி ஒரு பையனிடம் போன மாதம் சொன்னேன். எங்கள் துறையிலேயே நான்கு பேருக்கு எழுதிக் கேட்டானாம். மூன்று பேர் நல்ல துறை, சேரலாம் என்றார்களாம். நான்காமவரிடமிருந்து பதில் இல்லை. 'அண்ணா, அவர் ஏன் பதில் போடவில்லை?' என்று என்னிடமே கேட்கிறான். இவன் தேறிவிடுவான்.