லேப்டாப் போர்டு டெட்: சிப் லெவல் சர்வீஸா, போர்டு மாற்றுவதா?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்தபோது புதுச்சேரி ரெயின்போ நகரில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். டிவியையும் மிக்ஸியையும் தூக்கி மேலே வைத்த எனக்கு, கட்டிலோரம் பையில் கிடந்த லேப்டாப் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அரிசி டப்பாவுக்குள் போட்டு வை என்று சொன்னவர்கள் உண்டு. அரிசி ஈரத்தை இழுக்குமோ என்னவோ, மதர்போர்டில் படிந்த உப்பை இழுக்காது. ஒரு வாரம் காயவைத்து சார்ஜரைச் செருகினேன். சார்ஜரில் இருந்த சின்ன விளக்கு அணைந்துபோனது. பிடுங்கினால் எரிகிறது, செருகினால் அணைகிறது.

அப்புறம் மூன்று இடத்தில் மூன்று பதில். சர்வீஸ் சென்டரில் புது போர்டு, லேப்டாப் விலையில் பாதிக்கும் மேல். ஒரு கடையில் பழைய போர்டு வரவழைத்துப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். இன்னொருவர் சிப் லெவலில், அதாவது போர்டை மாற்றாமல் அதில் கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்றார். விலையை வைத்து முடிவெடுக்கத்தான் முதலில் தோன்றியது, ஆனால் முதலில் கேட்க வேண்டியது போர்டில் என்ன போச்சு என்பதையும், நம் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்பதையும்தான்.

அந்தச் சார்ஜர் விளக்கே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது. செருகியதும் விளக்கு அணைந்தால் உள்ளே வரும் மெயின் லைனில் ஷார்ட், சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது. கேட்கப் பயமாக இருந்தாலும் இதுதான் பெரும்பாலும் சுலபமான கேஸ். விளக்கு எரிந்துகொண்டே இருந்து பட்டனுக்கு அசைவே இல்லையென்றால் 3.3, 5 வோல்ட் லைன்கள், பட்டனைக் கவனிக்கிற ஐசி, ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற பயாஸ் என்று தேட வேண்டும். ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றால் முதலில் ரேமைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், பாதி நேரம் செலவே இருக்காது.

சர்வீஸ் சென்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரன்டி இருந்தால், தண்ணீர் படாமலே கெட்டிருந்தால், வேறு யாரும் திறப்பதற்கு முன் நேரே அங்கே போய்விடுங்கள். தண்ணீர் பட்டது சாதாரண வாரன்டியில் வராது, விபத்துக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் வரும்.

பழைய போர்டு மாற்றுவது கேட்க நன்றாக இருக்கும், ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் மாடல் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, போர்டின் மேலேயே அச்சடித்திருக்கும் நம்பர் பொருந்த வேண்டும், ப்ராசஸரும் கிராபிக்ஸும் அதிலேயே ஒட்டியிருப்பதால் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவிலிருந்து வருகிற போர்டு எந்தத் தண்ணீரைப் பார்த்ததோ நமக்குத் தெரியாது. வாங்கினால் இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள், ஐசி கால்களில் பச்சை பூத்திருந்தால் வேண்டாம்.

நான் சிப் லெவலுக்குப் போனேன். கடை என்றால் ஒரு மேஜை, ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு பவர் சப்ளை. "தம்பி, அவசரமில்லன்னா உக்காந்து பாருங்க" என்றார் கடைக்காரர். சார்ஜர் ஜாக்குக்கு அருகில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததை பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மீட்டரை வைத்தார். 19 வோல்ட் வர வேண்டிய லைனில் கிரவுண்டுக்கு 0.6 ஓம், அதாவது ஷார்ட். பிறகு பவர் சப்ளையை 1 வோல்ட்டுக்குக் குறைத்து அந்த லைனில் கொடுத்தார், ஒன்றரை ஆம்பியருக்கு மேல் இழுத்தது. ஏன் 19 கொடுக்கக் கூடாது என்று கேட்டேன். வழியில் கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்சான மாஸ்ஃபெட் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் மொத்தமும் ப்ராசஸர் தலையில் போய் விழும், அதுவோ 1 வோல்ட் சொச்சத்தில் ஓடுகிற சாமான் என்றார்.

போர்டு மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஊற்றினார். எல்லா இடமும் நனைந்து பளபளக்க, எள் அளவு கெபாசிட்டர் ஒன்றின் மேல் மட்டும் வட்டமாகக் காய்ந்தது. ஷார்ட் ஆன பாகம்தான் சூடாகும். ஹாட் ஏரில் அதை எடுத்ததும் மீட்டரில் ஷார்ட் இல்லை. அதே இடத்தில் வேறொன்றைப் போட்டு 19 வோல்ட் கொடுத்தபோது 0.02 ஆம்பியரில் நின்றது, பட்டனை அழுத்தியதும் எண் ஏறி இறங்கி ஆட ஆரம்பித்தது, போர்டுக்கு உயிர் வந்துவிட்டது. கூலி 1800 ரூபாய்.

இதே போர்டைத்தான் இன்னொரு கடையில் ப்ராசஸருக்குப் பக்கத்துக் காயிலில் மீட்டர் வைத்து, பீப் சத்தம் வந்தவுடனே "போர்டு போச்சு சார்" என்றார்கள். அந்தக் காயிலில் ஓம் குறைவாகக் காட்டுவது இயல்பு, நல்ல போர்டிலும் பீப் அடிக்கும். இன்னொரு வித்தை, சிப்பை ஹீட் கன்னால் சூடாக்கி ஆன் செய்து காட்டிக் காசு வாங்குவது. கொஞ்ச நாள் ஓடி மறுபடி படுத்துவிடும். எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "ஹீட் பண்ணோம்" என்றால் கிளம்பிவிடுங்கள்.

ஃபைல் விஷயம். ஃபைல்கள் இருக்கிற எஸ்எஸ்டி தனியாகக் கழற்றும்படி இருந்தால் கவலை கம்மி. ஆப்பிளின் எம்1 சிப் போட்ட மேக்புக்கில் சேமிப்பு போர்டிலேயே ஒட்டியிருக்கும், ஃபைல்களைப் பூட்டியிருக்கும் சாவி ப்ராசஸருக்குள் இருக்கும். போர்டை மாற்றினால் உள்ளே இருந்த எல்லாம் போச்சு. பேக்கப் இல்லாதவருக்கு அந்தப் போர்டையே பழுது பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ப்ராசஸரே செத்திருந்தால் நானும் போர்டு மாற்றத்தான் சொல்வேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மச்சானுக்கு அப்படித்தான் ஆனது. பழைய போர்டு கச்சிதமாகப் பொருந்தியது, ஆன் செய்தால் நீலத் திரையில் பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடுகிற பூட்டு, 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. மாற்றிப் போட்ட போர்டில் அந்தப் பூட்டின் சாவி இல்லையே. அந்த எண் அவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது, கணக்கைத் திறக்க ஓடிபி வர வேண்டும், அது வருகிற சிம்மை அவர் போன வருஷமே தூக்கிப் போட்டுவிட்டார்.