மாற்றத்துக்கு முந்திய பரிசோதனை: பலாலி வீதிக் கணினிச் சேவை நிலையமொன்றின் பணி

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்கு அண்மையில், பலாலி வீதியில் இயங்கும் சிறிய கணினிச் சேவை நிலையமொன்றிடம் எமது சனசமூக நிலைய வாசிகசாலையின் நூற்பட்டியலை ஒப்படைத்திருந்தோம். பாமினி எழுத்துருவில் மைக்ரோசாஃப்ட் அக்செஸ் தரவுத்தளமாக இருந்த பட்டியலை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டு முறைக்கு மாற்றி, கோஹா நூலக மென்பொருளில் ஏற்றுவதே நோக்கம். மாற்றித் தருவதற்கு யாழ்ப்பாணத்தில் ஆட்கள் உண்டு. மாற்றுவதற்கு முன்பே தரவைச் சோதித்து, எந்தப் பதிவில் என்ன பழுது என எழுதித் தருவதைத் தனி வேலையாகச் செய்வோர் அரிது. இவர்கள் அதைச் செய்கிறார்கள், செவ்வையாகவும் செய்கிறார்கள்.

பாமினி என்பது ஆங்கில விசைகளின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துரு. ஆகவே அத்தரவு கணினிக்குப் பெரும்பாலும் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். யுனிகோடைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கம் முறையாக உள்ளதா என்று மட்டும் பார்க்கும் கருவி அதில் ஒரு குறையும் காணாது. இந்நிலையத்தார் அதோடு நில்லாமல் எழுத்துருவின் உள்ளமைப்பையே சோதனைக்கு அடிப்படையாகக் கொள்கின்றனர். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையும், 'இ' என்ற உயிரெழுத்துக்குக் காற்புள்ளி விசையும் பயன்படுகின்றன. எனவே பட்டியலைக் காற்புள்ளியால் பிரித்த கோப்பாக, மேற்கோட்குறிகள் இல்லாமல் ஏற்றுமதி செய்தால், 'இலங்கை', 'இலக்கியம்', 'இந்து' என்று தொடங்கும் ஒவ்வொரு தலைப்பும் இரண்டாக உடைந்து, நூலாசிரியர் பெயரை அட்டவணையின் அடுத்த நிரலுக்குத் (column) தள்ளிவிடும். நம் வாசிகசாலைகளில் இச்சொற்களில் தொடங்கும் நூல்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஆபத்தின் அளவு விளங்கும். ஒவ்வொரு வரியிலும் நிரல்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, பிசகிய வரிகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். காற்புள்ளி வேண்டிய இடத்தில் அதே விசையை அழுத்தியிருந்த பதிவுகளையும் பிரித்தெடுத்தார்கள். மாற்றிய பின் 'நல்லூர்இ கொக்குவில்இ' என்று வந்து நிற்பது அந்தப் பிழைதான்.

ஒரே நிரலில் ஆங்கிலத் தலைப்புகளும் பாமினித் தலைப்புகளும் கலந்திருந்தமை இதனினும் கடினமான சிக்கல். எழுத்துருவை மாற்றும் மென்பொருளை முழு நிரலின்மேலும் ஓட்டினால் ஆங்கில நூல்களின் பெயர்கள் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும். சொல்லின் நடுவே அரைப்புள்ளி வருகிறதா என்பதைக் கொண்டு இரண்டையும் பிரித்தனர். தமிழில் மெய்யெழுத்து மிகுதி என்பதால் இவ்வழி பெரும்பாலும் பொருந்தும். ஆனால் 'படகு', 'மலை' போன்ற தலைப்புகளில் புள்ளியே இல்லை. அத்தகைய ஐயத்துக்குரிய பதிவுகளை இயந்திரத்தின் தீர்ப்புக்கு விடாமல், மனிதர் பார்ப்பதற்கான தனிப்பட்டியலாகத் தந்தது எனக்கு மிகவும் பிடித்தது.

பாமினியில் சிறிய எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. சிறிய எம் 'அ', பெரிய எம் 'ஆ'. யாரேனும் ஒரு நிரலை முழுவதும் சிற்றெழுத்தாக்கியிருந்தால் அந்த வேறுபாடு அழிந்துபோகும். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. பேரெழுத்தே இல்லாத பாமினிப் பதிவுகள் நெருக்கமாக வரும் பகுதிகளை அறிக்கை குறித்துக் காட்டுகிறது.

பிற்காலத்தில் யுனிகோடில் சேர்த்த பதிவுகள் சில, மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 குறியாக்கம் என்று தவறாக வாசிக்கப்பட்டுச் சிதைந்திருந்தன. பைட்டுகள் அப்படியே இருந்தமையால் அவற்றை மீட்கலாம் என்றும், கேள்விக்குறிகளாகிவிட்டவற்றை நூற்சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துத் திரும்பத் தட்டெழுதுவதே வழி என்றும் தெளிவாகப் பிரித்து எழுதியிருந்தனர். பாமினியில் ஒரே குறியான 'கு' யுனிகோடில் இரண்டு குறிகளாவதால், நீண்ட தலைப்புகள் நிரலின் அகலத்தை மீறுமா என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டிருந்தனர்.

குறை இரண்டு உண்டு. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், பதிவுகளைத் திருத்த வேண்டிய வாசிகசாலைப் பொறுப்பாளருக்கு ஒருவர் உடனிருந்து விளக்க வேண்டியுள்ளது. கட்டணத்தைத் தரவைப் பார்த்த பின்னரே சொல்கிறார்கள். நிருவாகசபையின் ஒப்புதல் பெற்றுச் செலவிடும் நிலையங்களுக்கு இது சிரமம். மற்றபடி, அவர்கள் மூலக்கோப்பைத் தொடுவதில்லை, அதன் பிரதியின் மேலேயே வேலை செய்கிறார்கள். அங்கு செல்வோர் எக்செலுக்கு மாற்றிய கோப்பைக் கொண்டுபோகாமல், அக்செஸ் மூலக்கோப்பையே கொண்டுசெல்ல வேண்டும். ஏற்றுமதியில் உடைந்த வரிகளை மூலம் இல்லாமல் அவர்களாலும் ஒட்டவைக்க இயலாது.